அஞ்சு குடம் மேடு

கோனேரிமேட்டு முக்கூட்டு ரோட்டில் கூழ்க்கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்விக்கு மலையின் உயரம் மீட்டரில் தெரியாது. சரிவு எத்தனை சதவீதம் என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் பச்சைமலை அடிவாரத்தில் எந்த ரோடு யார் நெஞ்சை அடைக்கும், எந்த ரோட்டை யார் முழங்கால் தாங்கும் என்பதை அவளைக் கேட்டால்தான் தெரியும். பெரம்பலூர் டவுனிலிருந்து ஞாயிறுதோறும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரும் சைக்கிள்காரர்கள், "அக்கா, இன்னைக்கு எனக்கு எத்தன குடம்?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பெடலில் கால் வைக்கிறார்கள்.

அவள் பிறந்தது ஆண்டிமடம். அங்கே அவள் கண்ட உயரமான மேடு, களத்தில் குவித்த முந்திரிக்கொட்டை. தர்மனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தபோதுதான், வாசலை விட்டு இறங்கினால் ஏற்றம் அல்லது இறக்கம், இரண்டில் ஒன்று காத்திருக்கும் என்பதைக் கண்டாள். தர்மன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். மழை பொய்த்துப் போன அந்த மூன்று வருடங்களில் ஊர்க்குழாயில் காற்றுதான் வந்தது. பள்ளத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. புருஷனின் பழைய சைக்கிளில் ஆறு பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வெற்றிச்செல்வி ஒரு நாளைக்கு ஐந்து நடை போய் வந்தாள். தன் வீட்டுக்கு ஒரு நடை. மற்ற நான்கும் நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு. யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அப்போது அவள் கால்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஒரு மேட்டை வெறும் சைக்கிளோடு ஏறுவது, சமதரையில் மூன்று நிறைகுடத்தோடு மிதிப்பதற்குச் சமம் என்றால் அது மூணு குடம் மேடு. இப்படியே ஊரைச் சுற்றியுள்ள ரோடு முழுவதையும் அவள் மனதில் அளந்து வைத்திருந்தாள். பத்து வருடம் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

தேவைப்பட்ட நாளில், கைப்பேசி காட்டிய வழியில் மலையேறிய டவுன்காரர் ஒருவர் அவள் கடை வாசலில் கண் இருட்டிச் சரிந்தார். வெற்றிச்செல்வி அவருக்கு மோர் கொடுத்து, கூட வந்த ஜெயசீலனைப் பார்த்துச் சொன்னாள்.

"அது ஆறு குடம் மேடு தம்பி. இவரு ரெண்டு குடம் தாங்குற ஆளு. ஏத்தலாமா?"

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயசீலனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்று எழுதப்பட்டவைதான், இன்று கடைச் சுவரில் கரும்பலகையில் இருக்கும் வழிகள். ஏரியைச் சுற்றி எட்டு கிலோமீட்டர், மேடே இல்லாதது, காலிக்குடம்: புதிதாக மிதிப்பவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும். பருத்திக்காடுகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர், மூணு குடம். மலைக்கிராமம் வரை போய்த் திரும்ப நாற்பது, ஆறு குடம். தை மாதம் ரோட்டில் பாதியை மக்காச்சோளம் காயப்போட எடுத்துக்கொள்வார்கள், மெதுவாகப் போகவும் என்று ஒரு வரி. எல்லாவற்றுக்கும் கீழே அவள் சொன்ன பொதுவிதி: "பேசிக்கிட்டே மிதிக்க முடிஞ்சா அது உன் ரோடு. பேச்சு நின்னா வண்டியும் நிக்கணும்."

ஊருக்கெல்லாம் வழி போட்டுக் கொடுத்தவளுக்கு வீட்டுக்குள் ஒரு மேடு இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் லாரியில் தார்ப்பாய் கட்டும்போது தர்மன் மேலிருந்து விழுந்தான். இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கால்தான் மெலிந்து விறைத்துப் போனது. "சைக்கிள் மிதிக்கணும், நடக்கணும். இந்த வருசமும் உட்கார்ந்தே இருந்தா அப்புறம் கைத்தடிதான், ஆயுசுக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தர்மனோ வாசலைத் தாண்டவில்லை. பதினாறு டன் வண்டியை ஒற்றைக் கையால் திருப்பியவன், நொண்டுவதை ஊர் பார்ப்பதா என்று உள்ளேயே புழுங்கினான்.

"ஏன் புள்ள, ரோட்டுக்கு வேற பேரே கெடைக்கலையா? காலிக்குடம் எதுக்க வந்தா போற காரியம் வெளங்காதும்பாங்க" என்று ஒருநாள் குத்தலாகக் கேட்டான்.

"நெறகுடம் எடுக்கப் போறவ காலிக்குடத்தோடதாங்க போவணும்" என்றாள் அவள், கூழைக் கலக்கியபடி.

அந்த வழியை அவள் யாருக்காகப் போட்டாள் என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.  அதன்பின் விடியற்காலைகளில் கொல்லைப்புறத்தில் சைக்கிள் செயின் சத்தம் கேட்டது. வெற்றிச்செல்வி எட்டிப் பார்க்காமல், அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சென்ற தை மாதம் இரண்டாம் ஞாயிறு, ஊர்க்காரர்களும் சேர்ந்து மிதிக்கலாம் என்று ஜெயசீலன் ஏற்பாடு செய்திருந்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய சைக்கிளோடு தர்மன் வந்து நின்றான். வெற்றிச்செல்வியின் கையிலிருந்த கரண்டி கூழுக்குள் விழுந்தது. தர்மனிடம் ஒரு காலத்தில் கிளீனராக இருந்து, இப்போது குட்டியானை மினி லாரி ஓட்டும் தங்கராசு பக்கத்தில் வந்தான்.

"என்ன டிரைவரே, லைசென்சு ரினீவல் பண்ணியாச்சா?"

"ஒன்னய கிளீனரா வெச்சிருந்தப்பவே எனக்கு லைசென்சு போயிருக்கணும்டா" என்றான் தர்மன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஆனால் ஏரி ரோட்டில் அரை கிலோமீட்டர் போனதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. காலிக்குடக் கூட்டத்தில் அவனுக்கு முன்னே ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து சார் ஒருவர், பின்னே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்த இரண்டு பெண்கள். அவர்களுக்கும் அவன் ஈடு கொடுக்க முடியவில்லை. வலது பக்கம் பள்ளத்துக் கிணற்று ரோடு பிரிந்தது. இறக்கம். மிதிக்கவே வேண்டாம். கூட்டத்தைப் போகவிட்டு, தர்மன் ஹேண்டில்பாரை அந்தப் பக்கம் ஒடித்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு காற்று முகத்தில் அடித்தது.

கடையில் வெற்றிச்செல்வி திரும்பி வந்தவர்களை எண்ணினாள். காலிக்குடத்தில் பதினொரு பேர் போனார்கள். பத்துப் பேர் வந்துவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரு எங்க சார்?"

"முன்னாலயே வந்திருப்பாருன்னு நெனச்சனேம்மா" என்றார் ஓய்வுபெற்ற சார்.

ஏரி ரோட்டை விட்டுப் பிரிவது கிணற்று இறக்கம் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். யாருடைய சைக்கிள் என்றுகூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கிணற்றடித் தொட்டியின் விளிம்பில் தர்மன் உட்கார்ந்திருந்தான். இரண்டு முறை ஏற முயன்று, இரண்டு முறையும் கால் மடங்காமல் சரிந்திருக்கிறான். முழங்கையில் சிராய்ப்பு. அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"பதினெட்டு வருசம் போறப்ப லோடு, வரப்ப காலி வண்டி. திரும்புற ரோடு லேசாத்தான் இருக்கும்னு பழகிப்போச்சு செல்வி."

"எனக்குப் போறப்ப காலிங்க. வரப்பத்தான் லோடு."

அவன் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தான். வளைந்து வளைந்து வானத்தில் முட்டுவது போல் நின்றது அது.

"எத்தன குடம்?"

"அஞ்சு."

அவள் போன வேகத்தைப் பார்த்துப் பின்தொடர்ந்த தங்கராசுவின் குட்டியானை மேலிருந்து இறங்கி வந்தது. பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இந்த முறை கேலி இல்லாமல் கேட்டான்: "ஏத்திரலாமா டிரைவரே?"

 ஏறுங்க என்று சொல்ல வெற்றிச்செல்விக்கு வாய் வந்தது. ஆனால் இன்று லோடாக ஊருக்குள் போய் இறங்கினால், இந்த மனுஷன் இனி சைக்கிளைத் தொடமாட்டான், கைத்தடிதான் மிச்சம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"ஆறு குடத்தோட இதுல எப்புடி ஏறி மிதிச்ச நீ?" என்றான் தர்மன்.

"யாரு மிதிச்சா? தள்ளிக்கிட்டுத்தாங்க வந்தேன்."

அவன் திகைத்தான். பத்து வருடமாக அவன் மனதில் இருந்த சித்திரத்தில் அவள் அந்த மேட்டை மிதித்தே ஏறிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் நாளெல்லாம் அசந்து தூங்கியவன், ஒரு நடைகூட நேரில் பார்த்ததில்லை.

"ஒரே மூச்சுலயா?"

"ஏழு எடத்துல நிப்பேன். அந்தா தெரியுது பாருங்க ஒரு கல்லு. சக்கரத்துக்கு அண்ட குடுக்க நான் உருட்டி வெச்சது. அது மாதிரி ஏழு."

புளியமரத்தடியில், தேய்ந்து வழுவழுத்த ஒரு தட்டைக்கல். தர்மன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"தங்கராசு, செல்வி கொண்டாந்த சைக்கிள ஏத்திக்கிட்டு கதவ மூடு. பின்னாடி பர்ஸ்ட் கியர்ல வா. ஆரன் அடிச்சன்னா தெரியும்."

சைக்கிளின் மேல் பாரத்தைச் சாய்த்து அவன் தள்ளினான். கைத்தடி தராத நிமிர்வை அந்தப் பழைய சைக்கிள் தந்தது. முதல் கல்லில் நின்றான். இரண்டாவது கல்லில் நின்றான். நான்காவது கல்லில் தொடை நடுங்கியது. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஐந்தாவது கல்லருகே அவன் குனிந்து, அந்தக் கல்லைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் தங்கராசு மூக்கை உறிஞ்சுவது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஏழாவது கல்லுக்கு மேல் சரிவு குறைந்து, ஏரி ரோடு வரை இருநூறு அடி; அங்கிருந்து கடைக்கு அரை கிலோமீட்டர் சமதரை. தர்மன் கல்லின் மேல் இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கிப் போட்டு சீட்டில் உட்கார்ந்தான். இடது முழங்கால் மடங்க மறுத்தது. பிறகு மடங்கியது.

"பேசிக்கிட்டே மிதிங்க" என்றாள் அவள், கூடவே ஓடியபடி.

"என்னத்தப் பேச?"

"எதுனாச்சும்."

"ஆறு குடத்துல நம்ம வூட்டுக்கு எத்தன வந்துச்சு?"

"மொத நடையில ஆறும். மத்த நாலு நடையும் ஊருக்கு."

"கொழுப்புடி ஒனக்கு" என்றான் அவன். பேச்சு நிற்கவில்லை. வண்டியும் நிற்கவில்லை.

கடை வாசலில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஜெயசீலன் போட்டோ எடுக்கக் கைப்பேசியைத் தூக்க, தர்மன் வேண்டாம் என்று கையசைத்தான். இறங்கி, கரும்பலகைக்கு முன் போய் நின்று, சாக்பீஸை எடுத்து மெதுவாக ஒரு வரி சேர்த்தான்.

"கிணத்து ரோடு: போக காலிக்குடம். வர அஞ்சு குடம். ஏழு கல் இருக்கு. தள்ளலாம்."

மறு ஞாயிறு முதல் அவன் ஏரி ரோட்டில் காலிக்குடக் கூட்டத்தின் கடைசி ஆளாக மிதிக்கிறான். கிணற்று மேட்டில் டவுன்காரர்களும் இப்போது வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுகிறார்கள். ஏழு கல்லிலும் வெள்ளையடித்து எண் போட்டது தங்கராசு. வெற்றிச்செல்வி மட்டும் அந்தக் கற்களைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால், "மேட்ட விட்டுட்டு கூழக் குடிங்க, ஆறுது" என்பாள்.