வெள்ளிச்சந்தையின் ஒன்பது வருஷ லீவு

பல்லாவரத்தில் பைப்பும் குழாயும் வாஷரும் விற்கிற உமருக்கு வயது முப்பத்தேழு. பார்க்கிறவர்கள் நாற்பத்தைந்து என்பார்கள். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால், பிளம்பர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மத்தியானச் சோறு ஆறிப்போயிருக்கும். இந்த ஆள் ஒரு காலத்தில் மேடையேறி பேஸ் கிதார் வாசித்தவன் என்றால், கடைக்கு வருகிறவர்கள் "சும்மா இரு சார்" என்று சிரிப்பார்கள். வாசித்தான் ஐயா, நன்றாகவே வாசித்தான்.

மொத்தம் நாலு பேர். அஸ்தினாபுரத்துக் கோகிலவாணி பாட்டு, பீர்க்கன்கரணை வெற்றிவேல் கிதார், பல்லாவரத்து ஆஸ்டின் டிரம்ஸ், உமர் பேஸ். முதல் ஆம்ப்ளிஃபயரை வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸிகளுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுத்ததால் பேண்டுக்கு 'வெள்ளிச்சந்தை' என்று பெயர். ஆஸ்டின் வீட்டு மாடியறையில்தான் ரெக்கார்டிங். தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்று போய் இன்னொன்று வருவதற்குள் ஒரு பல்லவியை முடித்துவிட வேண்டும். ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறவர்களைப் பற்றி 'கேட் போட்டாச்சு' என்று ஒரு பாட்டு போட்டார்கள். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் காலேஜ் பிள்ளைகள் அதை முணுமுணுத்தார்கள். அதற்கு அந்தப்பக்கம் யாருக்கும் தெரியாது. சினிமாவில் வராத பாட்டுக்கு நம் ஊரில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

எங்கே போனாலும் இரண்டாவது பாட்டுக்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும். "பிரதர், சினிமா பாட்டு எதுனா போடுப்பா!" வண்டலூர் தாண்டி ஒரு காலேஜில் நாற்பது பேருக்கு வாசித்துவிட்டு, குட்டி யானை வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து திரும்பிய அன்றுதான் உமருக்கு மனசு விட்டுப்போனது. பகலெல்லாம் கடை, சாயங்காலமானால் பிராக்டிஸ், ஞாயிற்றுக்கிழமையும் பிராக்டிஸ். உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தான். எதிரே கோகிலவாணி அடுத்த ஆறு பாட்டுகளைப் பற்றிக் கண் மின்னப் பேசிக்கொண்டு வந்தாள். வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டான்.

அந்த மாதமே அவனுடைய அத்தா, அதாவது அப்பா, ஷாகுல் பாய்க்குப் பக்கவாதம் வந்தது. லேசாகத்தான். இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. "ரெண்டு மாசம் டைம் குடுங்க" என்றான் உமர். அதில் பொய் இல்லை. மூன்றாவது மாதம் அத்தா கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து இவனையே அதட்ட ஆரம்பித்துவிட்டார். அன்று பேண்டின் வாட்ஸ்அப் குரூப்பில் கோகிலவாணி, "அத்தாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். உமர் "அப்படியேதான்" என்று அடித்தான். இன்னும் ஒரு வாரம் ஓய்வு கிடைக்குமே என்கிற அற்ப ஆசை. அந்த ஒரு வாரம் ஒன்பது வருஷமாக நீளும் என்று எவன் கண்டான்!

பேண்ட் கலைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணம், குழந்தை, லோன், கொரோனா என்று நாள் ஓடியது. வெற்றிவேல் மகேந்திரா சிட்டியில் ஷிஃப்ட் வேலைக்குப் போனான். ஆஸ்டின் சர்ச்சில் மட்டும் வாசித்தான். கோகிலவாணி குரோம்பேட்டையில் ஒரு லேபில் காலை ஆறு மணிக்கே போய் ரத்தம் எடுத்தாள். மாதம் ஒருதரம் அவளிடமிருந்து அதே கேள்வி வரும், இவனிடமிருந்து அதே பதில் போகும். ஒருதரம், "வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா உமர்?" என்றாள். "வேணாம் கோகிலா, ஆளைப் பார்த்தா அழுதுடுறாரு" என்றான். அப்போது அத்தா கடைக்கு வெளியே நின்று யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தன் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது உமருக்கு. ஆனாலும் சொன்னான்.

போன மழையில் முடிச்சூர் ரோட்டில் முட்டியளவு தண்ணீரில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றதை யாரோ ஒரு பெண் படம்பிடித்து, 'கேட் போட்டாச்சு' பாட்டைச் சேர்த்து நெட்டில் போட்டாள். ஒரே வாரத்தில் லட்சம் பேர் பார்த்தார்கள். யாரப்பா இந்த பேண்ட் என்று தேடி, சேலையூரில் ஒரு சின்ன ஹால் வைத்திருக்கிறவர்கள் ஒரு ஷோவுக்குக் கூப்பிட்டார்கள். கோகிலவாணி குரூப்பில் கேட்டாள்: "அத்தாவைப் பார்த்துக்க ஒரு நாள் ஆள் கிடைக்குமா உமர்?" மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு இனி முகமில்லை.

முதல் பிராக்டிஸ் முடிந்து டீ குடிக்கும்போது வெற்றிவேல் அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"மச்சான், ஆறு வருஷம் முன்னாடி குழாய் வாங்க உன் கடைக்கு வந்தேன். நீ இல்ல. உங்க அத்தா ஸ்டூல் மேல ஏறி எடுத்துக் குடுத்தாரு."

உமர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஏன்டா அப்பவே கேக்கல?"

"கேட்டா திரும்ப பிராக்டிஸ்னு ஆரம்பிக்கணுமே. எனக்கும் அலுப்பா இருந்துச்சுடா. ஆஸ்டினுக்கும் தெரியும். கோகிலாவுக்கு மட்டும் தெரியாது. ஷோவுக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான். அடுத்த மூன்று பிராக்டிஸிலும் நினைத்தான். அவள் உள்ளே வந்து பையை வைக்கும்போதே, "அத்தா சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். இவன் "சாப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டு பேஸை எடுத்து மாட்டிக்கொள்வான்.

ஷோ சனிக்கிழமை சாயங்காலம். "சத்தம் உங்களுக்கு ஒத்துக்காது அத்தா" என்று இவன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். "பெத்த பிள்ளை வாசிக்கிறதை நான் பார்க்கக் கூடாதாடா?" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மருமகள் ஃபஹீமாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார் ஷாகுல் பாய். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தாரா? இல்லை. மேடைக்குப் பின்னால் நேராகக் கோகிலவாணி முன்னாலேயே வந்து நின்றார்.

அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தா! நீங்களா! எப்ப எழுந்து நடக்க ஆரம்பிச்சீங்க?"

"எனக்கின்னாம்மா கேடு? ஒம்பது வருஷமா தினம் கடையில நிக்கிறேன். நீங்கதான் பெரிய பெரிய வேலைக்குப் போய்ட்டீங்க, யாருக்கும் டைம் இல்லன்னு இவன் சொன்னான். நல்லா பாடும்மா."

அவர் போய்விட்டார். கையிலிருந்த டிரம்ஸ் குச்சிகளைப் பார்த்தபடி ஆஸ்டின் குனிந்துகொண்டான். கோகிலவாணி மெதுவான குரலில்தான் பேசினாள். கத்தியிருந்தால்கூட உமர் தாங்கியிருப்பான்.

"வேற ரெண்டு பேண்டுல என்னைப் பாடக் கூப்பிட்டாங்க உமர். நல்ல பேண்டு. உங்க அத்தா படுத்திருக்கிற நேரத்துல உன்னை விட்டுட்டுப் போறது பாவம்னு நான் போகல. 'முடியல கோகிலா, வேணாம்'னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவை!"

"சொல்லியிருக்கணும்" என்றான். அதற்குள் மேடைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் பாடினாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, மேலே போகும்போது கரகரத்தது. முன்னே சும்மா இனிமையாக இருந்த பாட்டு இப்போது கனத்தது. ஹாலில் இருநூறு பேர். யாரும் சினிமா பாட்டு கேட்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே இருநூறு பேர் வந்திருக்கக்கூடும் என்று வாசித்துக்கொண்டே உமர் நினைத்தான்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல் அவள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். "கிதார், வெற்றிவேல்." கைதட்டினார்கள். "டிரம்ஸ், ஆஸ்டின்." கைதட்டினார்கள். பிறகு உமர் பக்கம் திரும்பினாள்.

"பேஸ், உமர்," என்றாள் மைக்கில். "இவங்க அத்தா நல்லா இருக்காரு."

ஒன்றும் புரியாமல் ஹாலே சிரித்துக் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் ஷாகுல் பாய் எழுந்து நின்று, பழுதாகாத வலது கையைத் தூக்கி எல்லோருக்கும் ஒரு சலாம் வைத்தார்.