விதைக்கு விட்ட சிப்பி

கொல்லிமலையில் பிறந்தவர்களுக்குக் கடல் ஒத்துவராது என்று என் அக்கா சொன்னபோது சிரித்தேன். மரவள்ளிக்கிழங்கு விலை போகாத வருஷம், ஏழு வயது மகளை மலைமேல் அரியூர் நாட்டு ஊரில் அக்காவிடமே விட்டுவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் கழிமுகத்துச் சிப்பிப் பண்ணைக்கு வேலைக்கு இறங்கினோம். "மழை பிடிச்சா வந்துருவோம் கண்ணு" என்று மகளிடம் சொன்னேன். மழைக்குள் அறுவடை முடிந்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

தண்ணீரில் மூங்கில் நட்டு, கயிறு கட்டித் தொங்கவிட்டு அதில்தான் சிப்பி வளர்ப்பார்கள். ஒரு வரிசைக் கயிறுகளை எங்கள் பங்காகப் பண்ணைக்காரர் விட்டிருந்தார். அது விற்றால் ஊர் திரும்பி, மிளகுக்கொடி போட்டு, பிள்ளையோடு இருந்துகொள்ளலாம்.

கோடை முழுக்கச் சிப்பி தின்று கொழுக்கும். புரட்டாசியில் திறந்தால் சதை வெண்ணெய்போல ஓட்டை நிறைத்திருக்கும். அத்தனையும் குஞ்சு பொரிக்கச் சேர்த்த பால். மழை விழுந்து உப்புக் குறைந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் பாலை விட்டுவிடும். அப்புறம் உள்ளே வெறும் தோல்தான், சீந்த ஆள் இருக்காது.

"மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துடுப்பா" என்றார் பண்ணைக்காரர்.

என் வீட்டுக்காரர் மண்டையை ஆட்டினார். ஆனால் நல்ல சிப்பிக் கயிறுகளாகப் பார்த்து எடுக்காமல் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்; மற்றதை விற்ற காசு சாப்பாட்டுச் செலவுக்கே சரியாகப் போனது. மலையில் ராகி அறுக்கும்போது முதல் தரக் கதிரை விதைக்கு விட்டுத்தான் மற்றதில் கை வைப்போம்.

"விதைக்கு விடாம அறுத்தா வம்சம் வெளங்குமுங்களா?" என்று பண்ணைக்காரரிடமே கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஐப்பசியில் மழை வந்தது. சிப்பிகள் பால்விட்டுத் தண்ணீர் வெளுத்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "எத்தன புள்ளைங்க பாரு!" என்று மனுஷன் சிரித்தார். கயிற்றில் தொங்கவிட்ட பழைய ஓடுகளில் மிளகளவு குஞ்சுகள் ஒட்டியபோது நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் ஆறு பெருக்கெடுத்தது. எங்கள் மலை ஓடைகளும் அந்த ஆற்றில்தான் கலக்கின்றன. நாள்கணக்கில் உப்பே இல்லாத செந்தண்ணீர். மெலிந்திருந்த தாய்ச்சிப்பிகள் தாங்கவில்லை, வாய் பிளந்து செத்து நாறின. குஞ்சுகளைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவர் கரையில் உட்கார்ந்து அழுதார். திட்டத்தான் போனேன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று சாயந்திரம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, இங்க மழை விடவே இல்லீங்க. எப்ப வாரீங்க?"

உண்மையைச் சொல்ல நெஞ்சில் தெம்பில்லை.

"சிப்பி குஞ்சு பொரிச்சிருக்குது சாமி. அதுகள வளத்துட்டு வாரோம்."



"அப்ப என்னைய?" என்றாள்.