முட்டை உரிக்கத் தெரியாதவன்

போன வாரம் ஒரு முட்டை என்னைத் தோற்கடித்தது. ஒன்றல்ல... நாலு.

என் அக்கா, ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர், உப்பளம் பகுதியில் என் வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று மாதமாக டயாலிசிஸ். சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "உடம்புல புரோட்டீனே இல்ல. தினம் நாலு முட்டை குடுங்க. வெள்ளைக்கரு மட்டும், மஞ்சள் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இவ்வளவுதானே? வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்கே புத்தி சொல்கிற ஆள் நான். முட்டை அவிக்கத் தெரியாதா?

அதிலும் அக்காவுக்குப் போய்க் கடை முட்டையா? விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் போனேன். கோழி வளர்க்கும் ஒரு வீட்டில், முந்தின நாள் இட்ட முட்டையாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

அவித்தேன். உரித்தேன். வெள்ளைக்கரு மொத்தமும் ஓட்டோடு பெயர்ந்து போனது. கையில் மிஞ்சியது என்ன தெரியுமா? பளபளவென்று முழு மஞ்சள் கரு! டாக்டர் எதைக் கூடாது என்றாரோ, அதை அவ்வளவு அழகாக உரித்திருந்தேன்.

அக்கா தட்டைப் பார்த்தாள். "இருபதுக்கு மூணு" என்றாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இருபதுக்குத்தான் மார்க் போட்ட கை. ரெண்டு துணுக்கு எடுத்து வாயில் வைத்ததோடு சரி.

மறுநாள் யூடியூப் மகான்களைச் சரணடைந்தேன். ஒருத்தர் வினிகர் ஊற்றச் சொன்னார். இன்னொருத்தர் சோடா உப்பு போடச் சொன்னார். மூன்றாமவர் ஊசியால் குத்தச் சொன்னார் — முட்டையைத்தான். எல்லாவற்றையும் செய்தேன். வீடு முழுக்க ஊறுகாய் கம்பெனி வாசம். அன்றைக்கும் அக்கா பட்டினி மாதிரிதான். எனக்குப் பயமே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம், ஸ்டேடியம் பக்கம் அவிச்ச முட்டை விற்கும் தள்ளுவண்டி அம்மாவைப் பார்த்தேன். லேசாக ரெண்டு தட்டு, ஒரு உருட்டு... முட்டை முழுசாக வெளியே. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எப்ப இட்ட முட்டை சார்?"

"ஃப்ரெஷ்ஷும்மா! நேத்து இட்டது!" நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அது எப்டி சார் உரியும்? புது முட்டை ஓட்டை வுடாது. ஒரு வாரம் பத்து நாளு போன முட்டையா வாங்குங்க. தண்ணி தளதளன்னு கொதிக்கிறப்ப போட்டு, பன்னெண்டு நிமிஷத்துல எடுத்து, நேரா ஐஸ் தண்ணில போட்டுடுங்க."

ஆக, அக்காவைப் பட்டினி போட்டது என் பாசம்தான்! வேண்டியவர்களுக்கு உசத்தியாகத்தான் தேடித் தேடிக் கொடுக்கிறோம். அவர்களுக்கு அது உபயோகப்படுமா என்று மட்டும் பார்ப்பதில்லை.

மளிகைக் கடைக்குப் போய், "இருக்கறதுலயே பழைய முட்டை குடுங்க" என்றேன். "காலையிலதான் சார் வந்துது" என்றார் கடைக்காரர், பழக்க தோஷத்தில். கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நாலும் வழவழவென்று உரிந்தன. மஞ்சளை எடுத்துவிட்டுத் தட்டில் வைத்தேன். அக்கா நாலையும் சாப்பிட்டாள். தட்டை நகர்த்திவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் மிளகுத்தூள் போடுடா" என்றாள்.

வாயைத் திறந்து இது வேண்டும் என்று அவள் கேட்டு மூன்று மாதமாகிறது. ஒரு கிலோ மிளகு வாங்கிவிட்டேன்.