அரிசி டிரம்மோடு போன பாஸ்போர்ட்

கையில் ஏழு மாதக் குழந்தை. விசா முடிய இரண்டு வாரம்கூட இல்லை. பாஸ்போர்ட் வீட்டில் இல்லை. 2005-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் என் நிலைமை இதுதான் சகோதரிகளே. "நிர்மலா, இதைச் சொல்லி ஒருநாள் நீயே சிரிப்பாய்" என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர்களை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

ஆலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பின்வரிசைக்கு நழுவுகிறவள் நான். என் மலேசியத் தமிழைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயம். இன்றைக்கு வேறு வழியில்லை. கர்த்தர் எனக்குச் செய்ததை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்க முடியவில்லை.

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் செங்கல்பட்டுக்காரர். ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தவர், எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். சுருதி சேராது, ஆனால் முதல் ஆளாக வந்து நிற்பார். அந்த மனுஷனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "போறவ போ, திரும்ப இந்த வாசலுக்கு வராதே" என்று சொல்லிவிட்டார். அந்த டிசம்பர்வரை அவர் குரலை நான் மறுபடி கேட்கவில்லை.

கல்யாணமாகி வந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வந்த புதிதில் காலையில், "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்போம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாடி இது, நாங்க இன்னா பட்டினியா கெடந்தோம்?" என்றார். பிறகு அதுவே எங்கள் வீட்டு வழக்காகிவிட்டது. மறைமலைநகரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் மகனிடம், "இன்னா தொர, பசியாறியாச்சா?" என்பார். வாய் கொஞ்சம் நீளம். மனசு பச்சைக் குழந்தை.

இந்திய மாப்பிள்ளையைக் கட்டினாலும் நான் வெளிநாட்டுக்காரிதான். மனைவி என்ற முறையில் கிடைத்த விசாவை வருஷா வருஷம் நீட்டிக்க வேண்டும். அதற்குக் காஞ்சிபுரத்தில் உள்ள போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தேதி தப்பினால் இந்த நாட்டில் இருப்பதே குற்றமாகிவிடும்.

அந்த வருஷத்து மழை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பீரோவுக்குள் புடவையெல்லாம் பூஞ்சை வாடை. பாஸ்போர்ட் நனைந்துவிடுமே என்று நான் புலம்பியபோது அத்தைதான் வழி சொன்னார். அரிசி டிரம்முக்குள் வை, ஈரம் ஏறாது, திருடன் வந்தாலும் பீரோவைத்தான் உடைப்பான், அரிசியைக் கிளற மாட்டான் என்றார்.

எங்கள் வீட்டில் இரண்டு டிரம். பெரியதில் தினமும் பொங்குகிற புழுங்கல் அரிசி. சின்ன எவர்சில்வர் டிரம்மில் பச்சரிசி, எப்போதாவதுதான் திறப்போம். தினம் கை போகிற இடத்தில் வைப்பானேன் என்று நான் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சின்ன டிரம்மின் அடியில் செருகினேன். பெரிய புத்திசாலி! பெரிய டிரம்மில் வைத்திருப்பேன் என்று அத்தை நினைத்துக்கொண்டார். எந்த டிரம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தச் சின்ன டிரம்மோ பொருத்தனை டிரம். என் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்கு டிரம் நிறையப் பச்சரிசி, டிரம்மோடு கொடுக்கிறேன் என்று அத்தை ஆண்டவரிடம் சொல்லியிருந்தார். பாத்திரத்தைத் திரும்ப எடுத்துவந்தால் பொருத்தனை பாதிதான் என்பது அவர் கணக்கு. பொருத்தனை எனக்குத் தெரியும். ஆனால் கடையில் புது டிரம் வாங்கிக் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். அவருடைய கல்யாணத்துக்கு அவர் அம்மா 'ரெபெக்காள்' என்று பெயர் வெட்டிக் கொடுத்த டிரம் அது. அதையா கொடுப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

நவம்பர் கடைசியில் பண்டிகை. குழந்தை ரூபனுக்கு மூச்சிரைப்பு, நான் அவனோடு ஆஸ்பத்திரியில். அத்தை டிரம்மின் வாய்வரை புது அரிசியைக் கொட்டி, ஆட்டோவில் ஏற்றி, காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வந்தார். ஆராதனை முடிந்து ஏலம். நம் ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார், மறுபடி ஏலம் போடுவார்கள். எங்கள் டிரம்மும் கை மாறிக் கை மாறி, கடைசியில் யாரோ வெளியூர்க்காரர் எடுத்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பரில் வெயில் வந்ததும் விசா வேலையைப் பார்ப்போம் என்று சமையலறைக்குள் போனேன். சின்ன டிரம் இருந்த இடத்தில் வட்டமாகக் கறை மட்டும் இருந்தது. அத்தையைக் கேட்டேன்.

"அதான் காணிக்கையா குடுத்துட்டனே கண்ணு. புள்ளைக்காக நேந்துக்கினது."

அதன் அடியில்தான் என் பாஸ்போர்ட் இருக்கிறது என்று கத்தினேன். விஷயம் புரிந்ததும் அத்தை பெரிய டிரம்மைக் கவிழ்த்து, அத்தனை அரிசியையும் தரையில் கொட்டித் துழாவினார். அதில் இல்லை என்று தெரிந்துதான் துழாவினார். அன்று இரவு வந்த மகனிடம் "பசியாறியாச்சா" என்றுகூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஆலயத்தில் விஷயத்தை அறிவித்தார். அந்த வெளியூர்க்காரரை யாருக்கும் தெரியவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். சென்னையில் எங்கள் நாட்டு அலுவலகத்தில் கேட்டோம். புது பாஸ்போர்ட் வர எப்படியும் விசா தேதி தாண்டிவிடும் என்றார்கள். அவசரமாக ஊர் திரும்ப ஒரு தற்காலிகக் காகிதம் தரலாம், ஆனால் போனால் புது விசா எடுத்துத்தான் வர வேண்டும். குழந்தைக்குப் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு எந்த வாசலுக்குப் போவேன்? அப்பா மூடிய வாசலுக்கா?

எனக்கு அத்தைமேல் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு குழந்தையைத் தூங்க வைக்க உள்ளே போனபோது, அவர் முக்காடு போட்டு முழங்காலில் இருந்தார். இரண்டு நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை.

"ஆண்டவரே, எம் பொண்ண எங்கிட்டருந்து பிரிச்சிடாத."

மருமகள் என்று சொல்லவில்லை. பொண்ணு என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன். பாஸ்போர்ட்டைக் கொடும் என்றுகூட எனக்குக் கேட்க வரவில்லை. இந்த வீட்டிலேயே என்னை இருக்க விடும் என்று மட்டும் அழுதேன். அப்புறம் அத்தையை எழுப்பிக் கஞ்சி குடிக்க வைத்தேன். "பசியாறுங்க அத்தை" என்றேன். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது.

மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினோம். பாஸ்போர்ட் இல்லாமல் போனால் விரட்டிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். போகவே வேண்டாம் என்றுகூட வழியில் சொன்னேன். அங்கே இருந்த அதிகாரி நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். பச்சரிசி, பொருத்தனை, ஏலம் என்று என் வீட்டுக்காரர் விளக்க விளக்க, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாஸ்போர்ட்டின் பழைய ஜெராக்ஸையும் புகார் நகலையும் வாங்கிப் பார்த்தார்.

"யம்மா, பாஸ்போர்ட் இல்லாம என்னால விசா நீட்டிச்சுத் தர முடியாது. ஆனா அது இல்லன்னு நீ மனுவே குடுக்காம வூட்ல ஒக்காந்துட்ட பாரு, அப்பதான் நிஜமாவே மாட்டிக்குவ. தேதிக்கு முன்னால குடுத்துட்டுப் போ. கையில வந்ததும் எடுத்துகினு வா."

மனுவை வாங்கிக்கொண்டு முத்திரை போட்டு ஒப்புகைச் சீட்டு தந்தார். முழு நிம்மதி இல்லை. ஆனால் மூச்சு விட இடம் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போதே ஸ்தோத்திரம் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நம் ஆலயப் பெண்கள் ஐக்கியம் கடலோரக் குப்பங்களுக்குப் புடவை கொடுக்கக் கிளம்பியது. சுனாமி அடித்து ஒரு வருஷம் ஆகப்போகும் சமயம். அத்தைக்கு மனசே இல்லை. எந்த முகத்தோடு போவேன், கொடுத்த காணிக்கையே இப்படி வந்து நிக்குதே என்றார். நான்தான் விடவில்லை. நம் வீட்டுக் கஷ்டத்துக்காக அங்கே ஒருத்தி புடவை இல்லாமல் இருக்க வேண்டுமா என்று பிடிவாதம் பிடித்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

மகாபலிபுரம் தாண்டி, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் ஒரு சின்னக் குப்பம். மணலில் ஓர் ஓலைக் கொட்டகை, அதுதான் ஜெப வீடு. பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஆக்குகிற அடுப்பு. சமைக்கிற எஸ்தர் அக்கா வந்த எல்லாரையும் வரவேற்றுக்கொண்டே இருந்தவர், என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். கிட்டே வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ அந்த போட்டோல கீற பொண்ணு இல்ல? இன்னுமா பிளேன் ஏறல நீ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அடுப்படியில் அத்தையின் குரல் கேட்டது. ஒரு டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் 'ரெபெக்காள்' என்று வெட்டியிருந்தது.

எஸ்தர் அக்கா என்னைக் கொட்டகைக்குள் கூட்டிப் போனார். மேஜைமேல் வேதப்புத்தகம். அதன் பக்கத்தில், அதே பிளாஸ்டிக் கவருக்குள், போட்டோ பக்கம் தெரிய விரித்து வைத்த என் சிவப்புப் பாஸ்போர்ட்.

யாரோ ஒரு புண்ணியவான் ஏலத்தில் எடுத்து, பிள்ளைகளின் சோற்றுக்கென்று இறக்கிவிட்டுப் போனாராம். அரிசியை மூட்டையில் கொட்டும்போது அடியில் இது கிடைத்ததாம். வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து வைத்து ஜெபம் செய்யச் சொல்வது நம்மிடம் உள்ள பழக்கம்தானே. எஸ்தர் அக்கா அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவர்கள் ஜெப வீட்டில் வேண்டுதலுக்கு வைத்த பொருளை, வைத்தவர் சாட்சி சொல்லி எடுத்துப்போகும்வரை யாரும் தொடக் கூடாதாம்.

"பாவம், யாரோ பொண்ணு காணிக்கையோட வெச்சி அனுப்பிச்சிக்கீதுன்னு நெனச்சேன். தெனம் சாயந்தரம் நாங்க பொம்பளைங்க எல்லாம் ஒம் மூஞ்சியப் பாத்துகினுதான் ஜெபம் பண்றோம். இந்தப் பொண்ண நல்லபடியா அனுப்பி வெய்யி சாமின்னு."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "அடிப்பாவி, அனுப்பாத அனுப்பாதன்னு நான் அங்க பட்டினி கெடக்கறேன். நீ இங்க அனுப்பு அனுப்புன்னு அழுதுகினு கீறியா?"

"ரெண்டு பேரும் இப்புடிக் கேட்டா அவரு இன்னாதாங்கா பண்ணுவாரு?" என்றார் எஸ்தர் அக்கா.

அந்தக் கொட்டகையில் நாங்கள் சிரித்த சிரிப்பில் ரூபன் பயந்து அழ ஆரம்பித்துவிட்டான். கடலுக்கு வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். தங்களுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தும், முகம் மட்டும் தெரிந்த ஒருத்திக்காகத் தினமும் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். டிரம்மைத் திரும்பத் தருகிறேன் என்றார் எஸ்தர் அக்கா. அத்தை தொடவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்.

மறுநாளே காஞ்சிபுரம். பாஸ்போர்ட்டைக் கண்டதும் அந்த அதிகாரி, அரிசி வாசம் வருதா என்று மோந்து பார்த்தார். தேதிக்கு முன்பே மனு கொடுத்திருந்ததால் எந்தத் தடையும் வரவில்லை. விசா நீண்டது. நான் என் பிள்ளையோடு என் வீட்டிலேயே இருந்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் ஒரு காலையில் போன் அடித்தது. எடுத்ததும் என் அப்பா கேட்டார். "பையனுக்குப் பல்லு முளைச்சிருச்சாம்மா?"

வேறெதுவும் கேட்கவில்லை. பேரன் பிறந்த செய்தி உறவுக்காரர்கள் மூலம் அவருக்குப் போயிருந்தது. நான் அழுததைக் கேட்டு அத்தை போனை வாங்கி, "சம்பந்தி, புள்ளைய அனுப்பி வெக்கறேன், ஆனா திருப்பி அனுப்பிடணும்" என்றார். ரூபனுக்கும் பாஸ்போர்ட் எடுத்து, திரும்பி வரும்படியான விசாவோடு ஈப்போவுக்குப் போனேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சகோதரிகளே, கையில் ஒன்றுமே இல்லாமல் போய் நின்றால் என்ன கிடைக்கும் என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வெறுங்கையோடாவது ஆண்டவரிடம் போங்கள். உங்கள் முகத்தை மட்டும் தெரிந்த யாரோ, நீங்கள் கேட்கத் துணியாததையும் சேர்த்து எங்கேயோ ஒரு கொட்டகையில் கேட்டுக்கொண்டிருக்கலாம். இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம், போக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அவர் ஒன்றையும் தள்ளவில்லை.

ஊரிலிருந்து நான் திரும்பிய நாள் விமான நிலையத்துக்கு அத்தை வந்திருந்தார். குப்பத்திலிருந்து எஸ்தர் அக்காவையும் கூட்டி வந்திருந்தார். அக்கா ரூபனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போயிட்டும் வந்துட்ட, இங்கயும் இருந்துட்ட. சரி, எடத்த விடு. அடுத்த ஆளுக்கு ஜெபம் பண்ணணும்."