அமீனா வீட்டு மாடிப்படி

கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனாவாக இருந்த அவருக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஒட்டுப்புலி’. சம்மனை வாங்காமல் ஆள் நழுவிவிட்டால், அதைக் கதவில் ஒட்டிவிட்டு வருவதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் ஒட்டிய காகிதம் மழையில் ஊறும், வெயிலில் வெளுக்கும், உரிந்து மட்டும் வராது. பசையை மைதா மாவில் தானே காய்ச்சுவார். வேறெதற்காகவும் அவர் அடுப்பு முன்னால் நின்றதை மனைவி பார்த்ததில்லை.

உத்தரவுக்குக் கட்டுப்படாதவர்களின் தந்திரமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாசலில் செருப்பு கிடக்கும், ஆள் வெளியூர் போயிருப்பார். உள்ளே இருமல் கேட்கும், அது டிவி என்பார்கள். தன் பெயர் அது இல்லவே இல்லை என்று சாதித்தவரும் உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உத்தரவுன்னா உத்தரவுங்க. பிடிக்கலைன்னா அப்பீல் போடுங்க, அதுவரைக்கும் கேட்டு நடங்க,” என்பார். நீதிபதிக்கே வராத கம்பீரம் அந்தக் குரலுக்கு வரும்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு மாடிப்படி பக்கத்துச் சந்தில் இறங்கியது. சந்து இரண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் முதலில் வாயால் சொல்லிப் பார்த்தார், அப்புறம் வக்கீலை வைத்துச் சொன்னார். படியை இடிக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று.

அமீனா அசையவில்லை. கோர்ட்டின்மேல் தனக்கு அளவுகடந்த மரியாதை உண்டென்றும், ஆனால் படி நல்ல உறுதியான படியென்றும் மனைவியிடம் சொன்னார். கொத்தனார் கிடைக்கட்டும் என்றார், மழை விடட்டும் என்றார். தையல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி மறுபடி கோர்ட்டுக்குப் போனார்.

அதற்கான நோட்டீஸைக் கொண்டுவந்தவர் அதே கோர்ட்டில் வேலை பார்க்கும் பெண் அமீனா. ஜன்னல் வழியாக அவரைக் கண்டதும் நம்மவர் யோசிக்கவேயில்லை. குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனைவி, அவர் வெளியூர் போயிருப்பதாகத் தரையைப் பார்த்துச் சொன்னார். வந்தவர் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு வாசலைவிட்டு இறங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து அமீனா வெளியே வந்து கதவைப் பார்த்தார். நோட்டீஸ் கோணலாகத் தொங்கியது. கீழ் மூலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிழித்துப் போட்டிருந்தால் கேட்பாரில்லை. ஆனால் அந்த மூலையை அவரால் சகிக்க முடியவில்லை. “ஒட்டுன லட்சணத்தைப் பாரு,” என்று முனகிக்கொண்டே உள்ளே போய்ப் பசைக்கிண்ணத்தோடு வந்தார். காகிதத்தைப் பதமாக உரித்து, ஓரமெல்லாம் பசை தடவி, உள்ளங்கையால் நடுவிலிருந்து நீவி நீவி ஒட்டினார். பின்னால் தள்ளி நின்று அழகும் பார்த்தார்.

“இப்பதான் நேரா இருக்குண்ணே.”

பக்கத்து வீட்டின் முன்புறமிருந்த தையல்காரர் கடை வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார் பெண் அமீனா. “நேர்லயே குடுத்துட்டதா எழுதிக்கிறேன். ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

இத்தனை வருஷம் காதில் விழுந்த சாக்குகளில் ஒன்றுகூட அவர் வாய்க்கு வரவில்லை. “மழை விட்டதும் இடிச்சுடலாம்னு இருந்தேம்மா,” என்றார். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அமீனா கையெழுத்துப் போட்டார்.

படியை இடித்த அன்று அவர் ஆட்களை விரட்டிய விரட்டைப் பார்த்தவர்கள், வழக்கில் ஜெயித்தவரே அவர்தான் என்று நினைத்தார்கள். மாடியில் காயும் துணியை இனி யார் எடுப்பது என்று மனைவி கேட்டார். ஏணி வந்தது. தான் ஏறும்போதெல்லாம் கணவர் கீழே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது மனைவி போட்ட உத்தரவு. அதற்கு அப்பீல் கிடையாது.

சட்டம்னா சட்டம்தான் என்று தெருவெல்லாம் பெருமை பேசிய தையல்காரர், காலியான சந்தில் தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இப்போது அமீனா வீட்டார் வழக்குப் போட்டார்கள். ஜெயிக்கவும் செய்தார்கள். நோட்டீஸோடு அதே பெண் அமீனா வந்தபோது தையல்காரர் ஊரிலேயே இல்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னலோரம் நின்று கேட்ட அமீனாவுக்குக் கோபம் வரவில்லை. மனைவி பக்கம் திரும்பி, “மெஷினை நிறுத்திட்டு ஒளியணும்னுகூடத் தெரியல பாரு,” என்றார்.