மாத்திரை போடுகிற வீட்டில் பெண் எடுப்பதா?

1999-ஆம் வருடம், ஆனி மாதம். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு. பெரக்கரை நாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னை உறுதி பண்ண ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வாசல் பலாமரத்து நிழலில் கட்டில் போட்டு உட்கார வைத்தோம். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

முதலில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. மிளகும் காப்பியும் வைத்து, அப்பா இல்லாத குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவன். ஆனால் கோபம் என்று ஒன்று வந்தால், அது அவன் யோசிப்பதற்கு முன்னாலேயே அவன் கையில் வந்து நிற்கும். சோற்றில் கல் கிடந்தால் தட்டு பறக்கும். பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால் அண்ணிக்கு அறை விழும். கொஞ்ச நேரத்தில் அவனே மூலையில் உட்கார்ந்து அழுவான். அழுதால் ஆச்சா? வீங்கின கன்னம் அண்ணியுடையதுதானே?

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அப்பன் ரத்தமுங்க, ஆம்பளைன்னா கொஞ்சம் முன்கோபம் இருக்கத்தானுங்க செய்யும்." இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமைகூட இருக்கும். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். அவளும் அப்பாவிடம் அடி வாங்கியவள்தான். சாமியிடம் வேண்டிக்கொண்டு அண்ணன் கையில் கயிறு கட்டினாள். கயிறு கட்டிய கையாலேயே அவன் அடித்தான்.

ஒருநாள் ஆடு மிளகுக் கொடியில் வாய் வைத்துவிட்டது. ஆட்டை ஏன் அவிழ்த்து விட்டாய் என்று கேட்டவன், பதில் வருவதற்குள் கையிலிருந்த அரிவாளை வீசிவிட்டான். அண்ணியின் காதை உரசிக்கொண்டு போய் வாசல் பலாமரத்தில் குத்திக்கொண்டு நின்றது. மரத்திலிருந்து பால் வடிந்தது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அண்ணி காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். "என்னை எங்கியாச்சும் கூட்டிட்டுப் போ புள்ள. இல்லீன்னா உன்னைக் கொன்னே போட்டுருவேன்" என்று அண்ணியிடம் சொன்னான்.

அண்ணி மறுநாளே அவனைச் சேலத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். மனநோய்ப் பிரிவில் இருந்த டாக்டரம்மா முதலில் அண்ணனிடம் பேசினார். பிறகு அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு அண்ணியிடம் தனியாக வெகு நேரம் பேசினார். கடைசியில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"மூளையில செரோடோனின்னு ஒரு பொருள் இருக்கு. கோபம் எல்லாருக்கும் வரும். வந்த கோபம் உடனே கைக்குப் போயிடாம புடிச்சு நிறுத்துற வேலையில அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. சிலருக்கு அந்தப் பிடி சரியா இருக்கறதில்ல."

அண்ணன் யோசித்துவிட்டு, "கொண்டை ஊசி வளைவுல பிரேக் புடிக்காத பஸ் மாதிரிங்களா?" என்று கேட்டான்.

டாக்டரம்மா சிரித்தார். "அப்படியே வெச்சுக்குங்க. ஆனா ஸ்டீயரிங் உங்க கையிலதான் இருக்கு. அடிச்சுட்டு மூளை மேல பழியைப் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். இது ஒண்ணுதான் காரணம்னும் சொல்ல மாட்டேன். வளர்ந்த விதமும் இருக்கு, பழக்கமும் இருக்கு. மாத்திரை தர்றேன். வேலை செய்ய சில வாரம் ஆகும். நீங்களா நிறுத்தவே கூடாது. கோபம் ஏறுதுன்னு தெரிஞ்சதும் கையில இருக்கறதைக் கீழ வெச்சுட்டு அந்த எடத்தை விட்டுப் போயிடணும்."

சில வாரம் அல்ல, அதற்கு மேலேயே ஆனது. ஆனால் மாற்றம் வந்தது. திரும்பவும் ஒருநாள் அதே ஆடு, அதே மிளகுக் கொடி. அண்ணன் முகம் சிவந்தது. அண்ணியும் நானும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அவன் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சனியனைப் புடிச்சுக் கட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டான். அண்ணி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். பிறகு அழுதாள். அப்புறம் இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் உடையாமல் மாதங்கள் போயின. இதற்கு ஊர் சந்தோஷப்பட வேண்டாமா? சேலத்துக்கு எதற்குப் போகிறோம் என்பது எப்படியோ கசிந்தது. அவ்வளவுதான். அரிவாள் வீசியபோது 'கோபக்காரன்' என்றவர்கள், மாத்திரை சாப்பிட்டபோது 'பைத்தியம்' என்றார்கள். அடி வாங்கியபோது அண்ணியைப் 'பொறுமைசாலி' என்றவர்கள், இப்போது 'புருஷனுக்கு மருந்து வெச்சு மடக்கிட்டா' என்றார்கள். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. அம்மா பயந்துவிட்டாள். "தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் அந்த மாத்திரையை நிறுத்து சாமி" என்று அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவன் எனக்காக ஒத்துக்கொண்டான். மாத்திரை அட்டைகளை அம்மா மிளகு மூட்டைக்குள் புதைத்து வைத்தாள். நானும் அண்ணியும் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கொஞ்ச நாளிலேயே டம்ளரை வைக்கிற சத்தம் மாறியது. கதவைச் சாத்துகிற சத்தம் மாறியது. அண்ணி மறுபடி சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தாள்.

உறுதி பண்ண வந்த அன்று, அண்ணன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு விருந்தாளிகளுக்குப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, முன்னெல்லாம் உங்க சத்தம் நாலு ஊருக்குக் கேட்குமாம். இப்ப பொம்பளைங்க பேச்சுத்தான் நடக்குதாம். ஆம்பளை இல்லாத ஊடு மாதிரி இருக்குதுங்க!" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

அண்ணன் அறுப்பதை நிறுத்தினான். கத்தியைப் பிடித்திருந்த கை இறுகியது. அடுப்படி வாசலில் நின்ற எனக்கு அவன் முகம் தெரிந்தது. மரத்தில் அரிவாள் குத்திய அன்றைக்கு இருந்த அதே முகம். என் கல்யாணம் போகட்டும், இவன் இன்றைக்கு ஜெயிலுக்குப் போகப்போகிறான் என்று நினைத்தேன்.

அவன் மெதுவாகக் கத்தியைப் பழத்தின் மேல் வைத்தான். எழுந்தான். தள்ளி வந்து நின்று, "அம்மா, என் மாத்திரையைக் குடு" என்றான்.

"என்ன மாத்திரை சாமி? இவன் வெளையாடறானுங்க" என்று அம்மா விருந்தாளிகளைப் பார்த்து இளித்தாள்.

"அம்மா, குடுத்துரு."

போட்ட உடனே அது வேலை செய்யாது என்று அவனுக்கும் தெரியும். பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். எடுத்தால் என் கல்யாணம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நான் தலையாட்டினேன். அவள் போய் மிளகு மூட்டைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் ஒரு சொம்புத் தண்ணீரோடு அவனிடம் கொடுத்தாள். விழுங்கிவிட்டு அவன் காட்டுப் பக்கம் போனான்.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கோபம்னா பரவாயில்லீங்க, அது ஆம்பளைக்கு அழகு. எங்க பையனுக்கும் கோபம் அதிகந்தான், போன வாரம் பஸ்ல கண்டக்டரை உட்டு ஒரு அறை அறைஞ்சுட்டான்" என்று சிரித்தார். "ஆனா தலைக்கு மாத்திரை போடற ஊட்டுல எப்படிங்க பொண்ணு எடுக்கறது?"

நான் வெளியே வந்தேன். உறுதி பண்ணுகிற நாளில் பெண் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த நிமிடம் மறந்துபோனது.

"உங்க பையன் மாத்திரை சாப்பிடறாருங்களா?" என்றேன்.

"அவனுக்கு எதுக்குக் கண்ணு மாத்திரை?"

"அப்ப எனக்கு வேணாமுங்க. கோபத்தோட இருந்த அண்ணனையும் பார்த்திருக்கறேன், மாத்திரை போட்ட அண்ணனையும் பார்த்திருக்கறேன். கண்டக்டரை அறைஞ்ச கையி நாளைக்கு என்னைத்தான் அறையும்."

கொண்டுவந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார்கள். அம்மா என்னோடு வெகுநாள் பேசவில்லை. வாய்க்கொழுப்பில் வாழ்க்கையைத் தொலைத்தவள் என்று ஊர் எனக்கும் ஒரு பட்டம் கொடுத்தது. கொடுக்கட்டும். அண்ணன் மறுபடி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டான், டாக்டரம்மா சொன்னபடி நடந்துகொண்டான். சில வருடம் கழித்து அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போகிற பழக்கத்தை மட்டும் அண்ணன் இன்னும் விடவில்லை.

அண்ணன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே எனக்குப் பேளுக்குறிச்சியில் கல்யாணமானது. பெண் பார்க்க வந்த அன்றே அண்ணனின் மாத்திரை அட்டையை நானே கொண்டுவந்து மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டுக்கு முன்னாடிங்களா, பின்னாடிங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பிடித்துப்போனது.

தாய் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசல் பலாமரத்தைப் பார்ப்பேன். அரிவாள் வெட்டு தடித்த வடுவாக இன்னும் அப்படியே இருக்கிறது. மிளகு மூட்டைக்குள் கிடந்த மாத்திரையைப் பற்றி ஊரே விசாரித்தது. அந்த வடுவுக்கு நேர் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போன ஒருவர்கூட, இது எப்படி வந்தது என்று இன்றுவரை கேட்டதில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.