சாருக்காக நடந்த வாட்ச்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: யாரும் நம்மை ஆசையாக எதிர்பார்ப்பதில்லை, அதனால் யாரையும் ஏமாற்றவும் முடியாது. காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் கிளம்பினால், ஒன்பதரைக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பத்துப் பன்னிரண்டு வீடு. எல்லாரும் வெறும் வயிற்றோடு, காபி குடிக்காத கோபத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கையுறை போட்ட கையால் போனை எடுக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டார். போனுக்கு வருவதெல்லாம் மணிக்கட்டுக்கும் வரும். வந்தால் ஒரு துடிப்பு. துடித்தால் நாம் என்ன பேச்சில் இருந்தாலும் கண் தானாகக் குனியும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் கையிலும் இந்நேரம் அது இருக்கும். நான் பட்டதில் கொஞ்சமாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

தண்ணீர் குடிக்கிற நேரம்

சீனிவாசன் சார் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. மனைவி போய் இரண்டு வருஷம். ஒரே மகன் பிரபு ஆஸ்திரேலியாவில். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவருக்கு ரத்தம் எடுக்கப் போவேன்.

முதல் தடவையே, ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மனைவி கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையைச் சொல்ல ஆரம்பித்தார். வாசலில் ஆட்டோ நிற்கிறது. அந்த அம்மா படி இறங்கிவிட்டார். என்ன நினைத்தாரோ, திரும்ப வீட்டுக்குள் வந்து... அந்த இடத்தில் என் கை துடித்தது. குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது சார் வாயை மூடியிருந்தார். "சொல்லுங்க சார்" என்றேன்.

வந்தது போனும் இல்லை, செய்தியும் இல்லை. தண்ணீர் குடிக்க நேரமாகிவிட்டது என்று வாட்ச் ஞாபகப்படுத்தியிருக்கிறது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சார் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்குச் சோலி கெடக்கும்மா. இத இன்னொரு நாளைக்குப் பேசிக்கிடலாம்."

என் முகத்தில் வந்த ரிப்போர்ட்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கும் பேச்சியம்மா அக்காவுக்கு ஒரு நாள் இரண்டாவது தடவையாக ரத்தம் எடுக்கப் போனேன். முதலில் எடுத்தது உறைந்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அதில் வந்த அளவை எங்கள் லேபிலேயே யாரும் நம்பவில்லை; சரிதானா என்று இன்னொரு மெஷினிலும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடும்போது என் கை துடித்தது. லேபில் கூட வேலை பார்க்கிற ரூபி அக்காதான். முதலில் வந்ததுதான் சரி, கிட்னி கெட்டுப்போயிருக்கிறது என்று இரண்டே வரி. முகத்தை நேராக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். வரவில்லை. பேச்சியம்மா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், கையை மெதுவாக இழுத்துக்கொண்டு கேட்டார்: "ஏட்டி, உன் கையில வந்தது என் காயிதம்தானா?"

சோழபுரத்தில் ஒரு காலை

சோழபுரத்தில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை பார்க்கப் போனால், தெருவில் நாற்காலி போட்டிருந்தார்கள். விடிகாலையில் இறந்துவிட்டார். லேபுக்குச் சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்? ஊசிப் பெட்டியோடு திரும்பிப் போக மனசு வரவில்லை. உள்ளே போய் அவர் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் அடுத்து ரத்தம் எடுக்க வேண்டிய வீட்டுக்காரர்கள் செய்திக்கு மேல் செய்தி அனுப்புகிறார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டிருக்கும்போதே மூன்று தடவை குனிந்து மணிக்கட்டைப் பார்த்தேன். நான்காவது தடவை அவர் கையை விடுவித்துக்கொண்டார். "சொல்லாமக் கெளம்பணும்பாவ, சரி. மணியப் பாத்துட்டுக் கெளம்பணும்னு யாரும் சொல்லலையே."

டீக்காரர் கையில் சார்

சீனிவாசன் சாருக்கும் ஒரு வாட்ச் வந்தது. மகன் அனுப்பியது. தனி சிம் போட்டது, என்னுடையதைப் போல இரண்டு பங்கு பெரிசு. அப்பா எத்தனை அடி நடந்தார், நாடி எப்படி ஓடுகிறது எல்லாம் உடனுக்குடன் அங்கே பிரபுவின் போனில் தெரியும். சார் முதல் வாரம் அதைக் கட்டிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒரு நாள் போனால் வாட்சைக் காணோம். கேட்டதற்குச் சிரித்தார். அதே நேரம் டம்ளரோடு உள்ளே வந்தார் மாரியப்பன். கடைத்தெருவில் கடை கடையாக டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவர், ஐம்பது வயசு இருக்கும். சாருக்கும் தினம் இரண்டு வேளை டீ அவர்தான். சாரின் வாட்ச் அவர் கையில் இருந்தது.

சாருக்கு அப்போதே கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போவதே பெரும்பாடு. ரத்தம் மாதாமாதம் குறைந்துகொண்டிருந்தது. அளந்து சொல்கிற ஆள் நான்தான். "முந்நூறு அடிக்கு மேல ஏறலைன்னா அவன் அங்கன கெடந்து பதறுதான். லீவு போட்டு வாரேங்குதான். புது வேலை, மருமக மாசமா இருக்கா. அதான் மாரியப்பன நடக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். மாரியப்பன் காலை ஐந்து மணிக்கு, சாரை எழுப்பாமல், வாசல் ஜன்னலில் இருக்கும் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார், இரவு கொண்டுவந்து கொடுப்பார். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி அவருக்குச் சாதாரணம்.

பிரபு அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கட்டைவிரல் படமும் 'சூப்பர்ப்பா' என்று ஒரு வார்த்தையும் அனுப்புவான். கடைத்தெரு நடுவில், கையில் ஆறு டம்ளரோடு நிற்கும் மாரியப்பனின் மணிக்கட்டில் அது வந்து துடிக்கும். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாரியப்பன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "என்னைப் பெத்த ஐயா ஒரு நாளும் என்னைய சபாஷ்னு சொன்னதில்லக்கா. இந்தத் தம்பி தெனமும் சொல்லுது."

அனுப்பாத செய்தி

சித்திரை முடியும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். கூட இருக்க மகனைத் தவிர யார் இருக்கிறார்கள்? பிரபுவோ ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவான். சார் சட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக இருக்கிறேன் என்பார். அவனிடம் பத்தாயிரம் அடிக்கு ஆதாரமும் இருந்தது.

அவன் நம்பர் எங்கள் லேப் படிவத்தில் இருந்தது. ரிப்போர்ட்டை நோயாளிக்குத்தான் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் சட்டம். ஆனாலும் சார் வீட்டு வாசலிலேயே நின்று, 'அப்பா நடக்கவில்லை தம்பி, உடனே வாருங்கள்' என்று போனில் அடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் உள்ளே போய் அதை அவரிடம் காட்டினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். காட்டாமல் அனுப்பியிருக்க வேண்டும். நாகரிகம் பார்த்தேன். சார் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "அழிச்சுரும்மா. பிள்ளை பெறக்கட்டும், பொறவு நானே சொல்லுதேன்."

பாதியில் நின்ற பேச்சு

நான் அழித்துவிட்டேன். அதற்கடுத்த தடவை போனபோது, வாசலிலேயே என் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் நுழைந்தேன். சார் அதைக் கவனித்துவிட்டார். ரத்தம் எடுத்து முடித்ததும், "அன்னைக்கு நிறுத்தினேன்லம்மா" என்று அவரே எடுத்தார்.

மனைவி படி இறங்கியவர் திரும்ப உள்ளே போய் அடுப்பை அணைத்திருக்கிறார். காய்ச்சின பாலில் காபி கலந்து, இவர் கையில் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை எதிரில் நின்றிருக்கிறார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம். அவ்வளவுதான் விஷயம். சொல்லி முடிக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த நாலு நிமிஷத்துக்கு இவர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது. பைக்குள் வாட்ச் துடிக்கிற சத்தம் கேட்டது. நான் எடுக்கவில்லை. சார் லேசாகச் சிரித்தார்: "எடுத்துப் பாரும்மா. ஆஸ்பத்திரியில அவ என்னையக் கூப்பிட்டப்போ, நான் போன்லதான் பேசிக்கிட்டு இருந்தேன்."

நாலாயிரம் அடி

அடுத்த பதினைந்தாம் நாள், காலை ஏழு மணி. கதவைத் திறந்தது பக்கத்து வீட்டு அம்மா. சார் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து நாடி பார்க்கிற பழக்கம் எனக்கு. பிடித்த கையை விட முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வெளிநாட்டுக்குப் போன் போடத் தெரியாது. மாரியப்பனைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. படிவத்தில் இருந்த நம்பருக்கு நான்தான் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். அங்கே மத்தியானம் ஆகப்போகிற நேரம். யார் என்று சொன்னேன். அப்பா போய்விட்டார் தம்பி என்றேன். அந்தப் பக்கம் அவன் போனில் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தால், மாரியப்பன் டீத்தூக்கையும் கையில் பிடித்தபடியே வீட்டைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார்.

பிரபு திரும்ப லைனுக்கு வந்தான். பதற்றமே இல்லை, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி பேசினான்: "நீங்க வீடு மாறிப் போயிருப்பீங்கக்கா. அப்பா இப்ப நடந்துக்கிட்டு இருக்காரு, நாலாயிரம் அடி தாண்டியாச்சு. இந்தா, இப்ப ஓடக்கூடச் செய்றாரு."

என் வாட்ச் இன்னமும் மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கச் சொல்கிறது, நானும் உடனே குடித்துவிடுகிறேன். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டேன் என்று சொல்ல எனக்கு அதுவாவது சாட்சி இருக்கட்டும்.